பார்வோ வந்த 3 கிலோ குட்டி: பகலில் ட்ரிப்ஸ், ராத்திரி வீட்டில். என்ன பார்க்கணும்?

மஞ்சக்குப்பம்77:

நாட்டு நாய்க் குட்டி, ஆண், ரெண்டரை மாசம், 3 கிலோ. தடுப்பூசி எதுவும் போடலை. நேத்துக் காலையிலிருந்து வாந்தி, மத்தியானத்துக்கு மேல் ரத்தம் கலந்த தண்ணிக் கழிச்சல். ஸ்ட்ரிப் டெஸ்ட்டில் பார்வோ (குட்டி நாய்களுக்கு வர்ற வைரஸ் கழிச்சல்) பாசிட்டிவ். பகல் முழுக்க கடலூரிலேயே டாக்டரிடம் ட்ரிப்ஸ் ஏறுது. வாந்திக்கு மாரோபிடன்ட் ஊசி, ஆன்டிபயாடிக் ஊசி ரெண்டும் போட்டாச்சு. ராத்திரி வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை, கால் நரம்பில் சொருகின கேனுலாவோடு (ட்ரிப்ஸ் ஏத்துற குழாய்) வீட்டுக்கு அனுப்புறாங்க. சாயந்திரம் 7 மணியிலிருந்து காலை 9 மணி வரை 14 மணி நேரம் எங்க கையில்தான்.

அந்த 14 மணி நேரத்துக்கு எவ்வளவு தண்ணி, எப்படிக் கொடுக்கணும்? என்ன பார்த்தா உடனே தூக்கிட்டு ஓடணும்? மெடிக்கலில் என்ன வாங்கி வைக்கணும்? "பட்டினி போட்டு பப்பாளி இலைச் சாறு கொடு"ன்னு பக்கத்து வீட்டில் சொல்றாங்க. அதுக்கும் பதில் தெரிஞ்சா சொல்லுங்க.

சுண்ணாம்பாறு:

பார்வோவைக் கொல்ல மருந்து கிடையாது. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் வைரஸ் அழிக்கிறது. குடல் மறுபடி முளைக்க ஐந்தாறு நாள் வேண்டும். அதற்குள் குட்டியைக் கொண்டுபோவது பெரும்பாலும் இரண்டு விஷயம்: தண்ணீர் வற்றுவது, கிழிந்த குடல் வழியே கிருமி ரத்தத்தில் ஏறுவது. இரண்டாவது ஆன்டிபயாடிக்கின் வேலை. முதலாவது உங்கள் ராத்திரி வேலை. அதற்குக் கணக்கு தெரிய வேண்டும்.

பிடரித் தோலைத் தூக்கி விட்டால் மெதுவாக இறங்குகிறது, ஈறு பிசுபிசுக்கிறது, கண் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது என்றால் சுமார் 8 சதவீதம் வற்றியிருக்கிறது. 3 கிலோவுக்கு அது 240 மி.லி. இது பகல் ட்ரிப்ஸில் ஈடாகிவிட வேண்டும். ஈடானதா என்று கிளம்பும்போது டாக்டரிடம் கேளுங்கள். அதுபோக, குட்டிக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 120 மி.லி. சாதாரணத் தேவை. உங்கள் குட்டிக்கு 24 மணி நேரத்துக்கு 360, 14 மணி நேரத்துக்கு 210. வாந்தியிலும் கழிச்சலிலும் போவது இதற்கு மேல்.

வாயால் கொடுக்கும்போது கிலோவுக்கு 1 மி.லி., 15 நிமிடத்துக்கு ஒரு முறை. அதாவது ஒவ்வொரு முறையும் 3 மி.லி., ஊசி கழற்றிய சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாக. ஒன்றுகூட வாந்தியாகாமல் 14 மணி நேரமும் நடந்தால்தான் 168 மி.லி. போகும். நடக்காது. அதனால் அனுப்பும் முன் தோலுக்கடியில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் தண்ணீர்) 90 மி.லி., அதாவது கிலோவுக்கு 30, ஏற்றி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அது இருந்தால் பள்ளம் ஓரளவு நிரம்பும். இல்லாமல் வாயை மட்டும் நம்பினால் காலை 9 மணிக்கு நேற்றைய இடத்துக்கே திரும்பியிருப்பீர்கள்.

வாந்தி எடுத்தால் முக்கால் மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு 1 மி.லி.யில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். "போனதை ஈடுகட்டணும்" என்று ஒரேயடியாக 20 மி.லி. ஊற்றுவதுதான் நாம் செய்யும் தப்பு. வயிறு விரிந்ததும் அடுத்த வாந்தி வந்துவிடும். தலை தொங்கிக் கிடக்கும் குட்டிக்கு வாயில் எதுவுமே வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

சமையல் எடை மெஷின் ஒன்று இருந்தால் போதும். குட்டியை 7 மணிக்கு, 1 மணிக்கு, விடிகாலை 5 மணிக்கு எடை போடுங்கள். ஒரே இரவில் 150 கிராம் குறைந்தால் அது கறியோ கொழுப்போ இல்லை, 150 மி.லி. தண்ணீர், 5 சதவீதம். கீழே விரிக்கும் செய்தித்தாளையும் விரிக்கும் முன்னும் எடுத்த பின்னும் எடை போட்டால், போன கழிச்சல் எத்தனை மி.லி. என்று தெரியும் (ஒரு கிராமுக்கு ஒரு மி.லி.). மணி, எடை, வாந்தி, கழிச்சல், மூத்திரம் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலையில் கொடுங்கள். டாக்டர் அடுத்த பாட்டிலின் வேகத்தை அதை வைத்து முடிவு செய்யலாம்.

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஈறை விரலால் அழுத்திவிட்டுப் பாருங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒன்றரை செ.மீ. நுழைத்துப் பார்த்தால் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு.

காலை வரை காத்திருக்கக் கூடாதவை: 99-க்குக் கீழே அல்லது 104-க்கு மேலே போகும் சூடு, வெள்ளை ஈறு, அல்லது செங்கல் நிறத்தில் சிவந்த ஈறு, அழுத்திய ஈறு சிவக்க 2 வினாடியைத் தாண்டுவது, 8 மணி நேரம் மூத்திரமே இல்லாமை, வலிப்பு, தள்ளாட்டம், வயிற்றில் விரல்பருமனுக்குக் கெட்டியான உருளை தட்டுப்படுவது (குடலுக்குள் குடல் சொருகிக்கொள்ளும், அறுவைதான் வழி). தக்காளிச் சாறு மாதிரி ரத்தம் ஒருமுறை போனால் மட்டும் பீதி வேண்டாம், இந்த நோயில் அது வரும். அதோடு ஈறும் வெளுத்தால்தான் ஓட்டம்.

ராத்திரி 2 மணிக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்பதை இன்றைக்குச் சாயந்திரமே போன் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயும் எந்த நேரம் வரை பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

மருந்துச்சீட்டு:

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். 200 மி.லி.க்குக் கலக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, 5 மி.லி. சிரிஞ்ச் நாலு, குளுக்கோஸ் பொடி சின்ன டப்பா, தெர்மாமீட்டர், கையுறை. ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கண் அளவில் கால்வாசி கொட்டிக் கலக்காதீர்கள். உப்பும் சர்க்கரையும் பாக்கெட்டுக்குள் சமமாகக் கலந்திருக்காது. கலக்கியது 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். டெட்ரா பேக்கில் வரும் ஆப்பிள், ஆரஞ்சு சுவைப் பானங்களில் சர்க்கரை அதிகம், கழிச்சலைக் கூட்டும். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இளநீர் பற்றி எப்படியும் யாராவது சொல்வார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. கழிச்சலில் முதலில் போவது சோடியம். ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு நடுவே ஒரு சிரிஞ்ச் கொடுப்பதில் தப்பில்லை, ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் கொடுத்தால் தப்பு.

வாங்கக் கூடாதது: லோபரமைடு (கழிச்சலை அடைத்தால் கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கும்). பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு ஆபத்து, வற்றிய குட்டிக்கு இன்னும் ஆபத்து. மெட்டோக்ளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து குடலை முறுக்கி ஓட வைப்பது, மேலே சொன்ன குடல் சொருகல் இல்லை என்று பார்த்த பிறகே டாக்டர் கொடுப்பார். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும், கடையில் கேட்டு நீங்களாக வாங்க வேண்டாம். மாரோபிடன்ட் 24 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. அதற்கும் மேல் வாந்தி இருந்தால் ஒன்டான்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்தைச் சேர்ப்பது உண்டு, ஆனால் அளவை டாக்டர்தான் சீட்டில் எழுத வேண்டும். மனிதருக்கான எந்த சிரப்பாக இருந்தாலும் லேபிளில் ஜைலிடால் (இனிப்புக்குச் சேர்ப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தொடவே கூடாது, நாய்க்குச் சர்க்கரை சரிந்து கல்லீரல் போகும்.

குளுக்கோஸ் எதற்கு என்றால், சாப்பிடாத குட்டிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். உடம்பு வெடவெடக்கும், பார்வை நிலைகுத்தும், கூப்பிட்டால் திரும்பாது. பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து ஈறில் தேய்த்துவிட்டு அப்படியே கிளம்ப வேண்டும். தேய்த்ததும் எழுந்து உட்கார்ந்தாலும் கிளம்ப வேண்டும், அரை மணியில் மறுபடி இறங்கும். தேய்த்த வாயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும்.

வில்லியனூர் அக்கா:

தம்பி, பப்பாளி இலை வேண்டாம். தட்டணு குறைஞ்சா கொடுப்பாங்கன்னு டெங்கு காலத்தில் கிளம்பின பழக்கம் அது. இங்கே குறையறது வெள்ளை அணு. அதோட அந்தக் கசப்பு நாக்கில் பட்டாலே குமட்டும். வாந்தியை நிறுத்த ஊசியும் போட்டுட்டு, வாந்தி வரவைக்கிற சாறையும் ஊத்தினா என்ன அர்த்தம்? மஞ்சள், மாதுளந்தோல், பிராந்தி எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

பட்டினி பழைய முறை. முன்னே 2 நாள் வயித்துக்கு ஓய்வுன்னு டாக்டர்களே சொன்னாங்க. 2003-ல் வெளிவந்த ஆய்வில் வாந்தி நிக்கக் காத்திருக்காம மூக்குக் குழாய் வழியா முதல் நாளே உணவு கொடுத்த குட்டிங்க சீக்கிரம் தேறிச்சு, எடையும் ஏறிச்சு. குடல் செல் ரத்தத்திலிருந்து மட்டும் இல்லை, தன்மேல் ஓடுற உணவிலிருந்தும் தின்னும். அதனால் வீட்டில் வாயால் கொடுக்கறப்போ, 6 மணி நேரம் வாந்தி இல்லைன்னா ஆரம்பிச்சுடலாம்.

தோல் நீக்கின கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம வேகவைங்க. சோத்தை ரெண்டு மடங்கு தண்ணி கூட விட்டுக் குழைய விடுங்க. 3 கிலோ குட்டிக்கு அசையாமக் கிடந்தாலே நாளைக்கு 160 கலோரி வேணும். முதல் நாள் அதில் கால்வாசி, அதாவது வெந்த கறி 10 கிராமும் சோறு 20 கிராமும் நாள் முழுக்கத்துக்கும். பார்க்க ஒரு உருண்டைதான் இருக்கும், "இது போதுமா"ன்னு மனசு கேட்காது. போதும். அதை மசிச்சு எட்டாப் பிரிச்சு, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி. ரெண்டாம் நாள் பாதி, மூணாம் நாள் முக்கால். வாந்தி எடுத்தா முந்தின நாள் அளவுக்கு இறங்குங்க.

தானா நக்கினா மட்டும் கொடுங்க. மூக்குக்கு நேரே காட்டி, உதட்டில் ஒரு துளி தடவிப் பாருங்க. முகத்தைத் திருப்பினா அது குமட்டல், திணிக்கக் கூடாது. கோழி வேகவைச்ச தண்ணியைக் கொழுப்பு எடுத்துட்டு வெதுவெதுப்பாக் காட்டினா வாசனைக்கு நாக்கு நீளும். பால் ஒரு சொட்டும் வேண்டாம். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற நொதி குடலின் மேல்தோலில்தான் இருக்கு, அந்தத் தோல்தான் உரிஞ்சு போயிருக்கே.

படுக்கை: டைல்ஸ் தரை, மின்விசிறிக்கு நேர் கீழே ரெண்டும் கூடாது. கோணிச்சாக்கு, மேலே செய்தித்தாள், அதுக்கு மேலே பழைய புடவை. சூடு 100-க்குக் கீழே இறங்கினா பிளாஸ்டிக் பாட்டிலில் சுடுதண்ணி ஊத்தித் துண்டில் சுத்தி முதுகுப் பக்கம் வைங்க. நகர முடியாத குட்டி, நேரடியாப் பட்டா வெந்துடும். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்திப் படுக்க வைங்க. பின்பக்கத்தை ஒவ்வொரு கழிச்சலுக்கும் வெதுவெதுப்பான தண்ணியில் துடைச்சு, ஈரம் ஒத்தி எடுத்து, தேங்காய் எண்ணெய் லேசாத் தடவுங்க. நம்ம ஊர் ஈக்கு அரைநாள் போதும் முட்டை வைக்க. பகலில் கொசுவலைக்குள்ளே வைங்க.

இன்னொண்ணு. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாம, கடிக்க வர்ற குட்டின்னா வாயில் விரல் வைக்காதீங்க. தடுப்பூசி போடாத தெருக்குட்டியில் ரேபிஸையும் நினைக்கணும். உங்களுக்கு பார்வோ உறுதியாயிடுச்சு, ஆனா இதைப் படிக்கிற மத்தவங்களுக்குச் சொல்றேன்.

சிப்பிப்பாறை:

தோலுக்கடியில் ஆர்.எல். ஏற்றுவதை டாக்டர் கையால் வாங்கி வருவது சரி. வீட்டில் தாங்களே குத்தலாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். ரத்த ஓட்டம் சுருங்கிய குட்டிக்குத் தோலடித் தண்ணீர் உறிஞ்சாது, முடிச்சாக அப்படியே நிற்கும். வீட்டு முறை பலிக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வை (2017) முழுதாகப் படிக்க வேண்டும். 40 குட்டிகளில் உள்நோயாளிகள் 90 சதவீதமும் வெளிநோயாளி முறையில் 80 சதவீதமும் பிழைத்தன. ஆனால் அந்த வெளிநோயாளிக் குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியே தண்ணீர் ஏற்றி நிலைநிறுத்திய பிறகே அந்த முறை தொடங்கியது. அவற்றை ஆஸ்பத்திரியிலேயே வைத்துத்தான் பார்த்தார்கள், சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் அளந்து சரிசெய்தார்கள். நம் வீட்டுத் திண்ணையை அதோடு ஒப்பிட முடியாது.

சுண்ணாம்பாறு:

ஒத்துக்கொள்கிறேன். முதல் நாளே வீட்டில் குத்தச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் நாளில் டாக்டரே பாட்டிலைக் கொடுத்து "ராத்திரி ஒரு தடவை ஏற்று" என்று சொல்வது இங்கே சகஜம், அப்போது தெரியாமல் குத்துவதுதான் ஆபத்து. அவர் கண் முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.

பாட்டிலில் ஆர்.எல். அல்லது நார்மல் சலைன் என்று இருக்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், டி.என்.எஸ். (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன்) இரண்டும் தோலடிக்கு ஆகாது: உடம்பின் தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும், சீழும் வைக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் 15 நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு உடம்புச் சூடா என்று பாருங்கள். புது 20 நம்பர் ஊசி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, கூடாரத்தின் அடிவாரத்தில் முதுகுக்கு இணையாக நுழைக்க வேண்டும். ஊசி மறுபக்கம் வெளியே வந்து ரோமம் நனைவதுதான் முதல் தடவை நடக்கும் கூத்து. ஒரே இடத்தில் 90-ஐயும் ஏற்றாதீர்கள். 45, 45 ஆக இரண்டு இடம். வீக்கம் மெல்ல வயிற்றுப் பக்கமோ முன்காலுக்கோ வடியும், அது இயல்பு. 8 மணி நேரம் ஆகியும் முடிச்சு கரையவில்லை என்றால் அடுத்ததை ஏற்றாதீர்கள், ரத்த ஓட்டம் விழுந்திருக்கிறது, கிளம்புங்கள். பொட்டாசியம் ஊசி மருந்தை வீட்டில் பாட்டிலில் கலப்பது குட்டியைக் கொல்வதற்குச் சமம்.

கேனுலா பற்றி ஒரு வரி: கட்டுக்குக் கீழே பாதம் வீங்கினால் கட்டு இறுக்கம், கட்டுக்கு மேலே வீங்கினால் நரம்பை விட்டு விலகியிருக்கிறது. நனைந்த கட்டை அப்படியே விடக் கூடாது.

மஞ்சக்குப்பம்77:

ரொம்ப நன்றி. 90 மி.லி. தோலடியில் ஏத்தித்தான் அனுப்பினாங்க. ராத்திரி எடை 3.00, காலையில் 2.94. வாந்தி 2, கழிச்சல் 4, மூத்திரம் 2, சூடு 101.2. டாக்டர் தொடரச் சொல்லிட்டார். வீட்டுக்குப் பின்னால் மண் முற்றம், சாணம் தெளிக்கிற இடம், அங்கேயும் கழிச்சல் போயிருக்கு. தெருவில் இன்னும் மூணு குட்டி இருக்கு. பினாயில் ஊத்தினா போதுமா?

மருந்துச்சீட்டு:

போதாது. பினாயில், டெட்டால், சானிடைசர் எதற்கும் இந்த வைரஸ் சாகாது. அதற்கு மேலே கொழுப்புறை இல்லை, அவை உடைப்பது அந்த உறையைத்தான். குளோரின் வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 35 மி.லி. பஞ்சாயத்தில் போடும் பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 6 கிராம் கணக்கு வரும். ஆனால் திறந்த மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும், 10 கிராம் போடுங்கள். வாசனையே இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

முதலில் கழிச்சலை வழித்தெடுத்துக் குழியில் புதைக்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் கரைசல். தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் மறுபடி ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடே தீர்ந்துவிடும். சாணத்தரையில் கரைசல் வேலை செய்யாததும் அதனால்தான். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கரைசலை ஜன்னலைத் திறந்து வைத்து ஊற்றுங்கள். குட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம், அதை வெளியே எடுத்துவிட்டுக் கழுவி, வாசனை போன பிறகு கொண்டுவாருங்கள்.

மண்ணைச் சுத்தம் செய்ய வழியில்லை. மேல்மண்ணை நாலு விரல்கடை வெட்டிப் புதைத்து, வெயில் படவிட்டு, ஒரு வருஷம் தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே விடாதீர்கள்.

வில்லியனூர் அக்கா:

60 கிராம்தான் குறைஞ்சிருக்கு, நல்ல கணக்கு. ராத்திரிக் கணக்கை இன்னும் 3 நாள் விடாதீங்க தம்பி, மூணாம் நாள்தான் வெள்ளை அணு ரொம்ப விழும். குட்டி எழுந்து வாலாட்டினதும் பிஸ்கட் போட்டுக் கெடுத்துடாதீங்க.

தெருக்குட்டிங்களைத் தொட்ட கையோட இதைத் தொடாதீங்க, இதைப் பார்த்த செருப்போட வெளியே போகாதீங்க. கைக்கு சோப்பு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவுங்க. மனுஷங்களுக்கு இந்தப் பார்வோ ஒட்டாது, ஆனா கழிச்சலில் கொக்கிப்புழுவும் சால்மோனெல்லாவும் இருக்கலாம், சின்னப் பசங்களைத் தள்ளி வைங்க. பூச்சி மருந்து வாந்தி நின்னு சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம், மலம் டெஸ்ட் பண்ணிட்டு. அந்த மூணு குட்டிக்கும் இன்னும் கழிச்சல் ஆரம்பிக்கலைன்னா இன்னைக்கே முதல் தடுப்பூசி போட்டுடுங்க. 6 வாரத்திலிருந்து போடலாம், 3 வாரம் விட்டு விட்டு 16 வாரம் தாண்டுற வரைக்கும். ஒண்ணு போட்டுட்டு விட்டுடறதுதான் நிறையப் பேர் பண்றது. தாய்ப்பால் எதிர்ப்புசக்தி அந்த முதல் ஊசியை அமுக்கிட்டிருந்தா அது போட்டும் போடாத மாதிரிதான். போட்ட 2 வாரத்துக்குள்ள கழிச்சல் வந்து ஸ்ட்ரிப் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டினா, அது ஊசியிலிருந்தே வந்த வைரஸாவும் இருக்கலாம்னு டாக்டர்கிட்ட தேதியைச் சொல்லுங்க.

உங்க குட்டி பிழைச்சு எழுந்ததும் நல்லாக் குளிப்பாட்டி, இன்னும் 2 வாரமாவது தனியாவே வைங்க. அதுவரைக்கும் மலத்தில் வைரஸ் போயிட்டிருக்கும். பார்வோ மறுபடி வராதுன்னு ஊசியே வேண்டாம்னு விட்டுடாதீங்க, டிஸ்டெம்பரும் (நாய்க்கு வர்ற இன்னொரு வைரஸ் நோய்) ரேபிஸும் அப்படியே பாக்கி இருக்கு.